கல்வராயன் மலைக்கு ஒரு தரை டிக்கெட்!

சென்னையிலிருந்து சேலம் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கள்ளக்குறிச்சி என்றால் பத்து நிமிஷம். பஸ் நிற்கும். ஒரு டீ, ஒரு முறுக்கு, ஓர் அவசர வேலை. ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினால் அடுத்த விழிப்பு ஆத்தூரில். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆன பிறகும், அந்தப் பத்து நிமிஷம் பதினொன்று ஆகவில்லை.

இந்தத் தடவை நாங்கள் அங்கே இறங்கினோம். காரணம், என் நண்பர் மடியில் இருந்த கோணி மூட்டை.

"என்னா சார் அது?" என்றார் கண்டக்டர்.

"தரைங்க."

"தரையா?"

"காரோட தரை."

"கார் எங்க?"

"கள்ளக்குறிச்சியில நிக்குது. தரை இல்லாம."

கண்டக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். சினிமாக் கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கியிருக்கிறோம். தரைக்கே டிக்கெட் வாங்கியது இதுதான் முதல் முறை!

மூட்டைக்குள் இருந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் டிரைவர் பக்கத்துத் தரைத் தகடு. புதுப்பேட்டையில் நண்பர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைப் பலி கொடுத்துப் பிடித்தது. "கம்பெனி அயிட்டம் சார், ஒரிஜினல். ஆனா பார்த்து எடுத்துக்குங்க, அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்று கடைக்காரர் நேர்மையாகவே சொன்னார். அங்கிருந்து கிளாம்பாக்கம் போகிற வழியில் பெருங்களத்தூர் வந்ததும் நண்பர் மூட்டையைத் தட்டிக் கொடுத்தார். "பொறந்த ஊரு வந்துடுச்சுடா!"

உண்மைதான். ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம்தான் ஹெரால்டைச் செய்தது. அம்பாஸடர் கல்கத்தாக்காரர், ஃபியட் பம்பாய்க்காரர், ஹெரால்டு நம்ம மெட்ராஸ்காரர். 1961-ல் ஆரம்பித்து எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடிய தயாரிப்பு.

பெரியப்பாவும் பச்சை ஹெரால்டும்

கள்ளக்குறிச்சியில் காத்திருந்தவர் நண்பரின் பெரியப்பா. வயது எழுபத்தெட்டு. கூட்டுறவு இலாகாவில் ரிடையர் ஆனவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வாங்க தம்பி, பிரயாணம் சௌக்கியமா?" என்று கேட்டவரின் கண் என் மேல் இல்லை, மூட்டை மேல் இருந்தது.

கொட்டகையில் கார் நின்றது. 1966 மாடல், இரண்டு கதவு, பாசிப் பச்சை. பெரியப்பா இரண்டு பக்கக் கொக்கிகளையும் விடுவித்து பானெட்டைத் தூக்கினார். தூக்கினார் என்றா சொன்னேன்? காரின் முன்பாதி முழுக்க, மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றோடும், முதலை வாயைத் திறப்பதுபோல் முன்பக்கமாகச் சாய்ந்தது. 948 சி.சி. எஞ்சின் நடு முற்றத்தில் வைத்த தவலை மாதிரி தெரிந்தது. முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே ரிப்பேர் பார்க்கலாம்.

இந்தக் காருக்கு ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-ல் வந்தது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. அப்போதே மற்ற கார்க்காரர்கள் உடலையும் சேஸிஸையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். ஸ்டாண்டர்டு கம்பெனிக்குத் தகடு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ தொழிற்சாலையோ 1953-ல் போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. வேறு வழியில்லாமல் பழையபடி தனி சேஸிஸ் போட்டு, அதன் மேல் உடலைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கினார்கள். அன்றைக்குக் கையாலாகாமல் செய்தது இன்றைக்கு வரம்! எந்தத் துண்டு போனாலும் அதை மட்டும் கழற்றலாம்.

அதே சேஸிஸைக் கொஞ்சம் குறுக்கி, அதே மிக்கெலோட்டியைக் கொண்டு 1962-ல் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். அதுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபையர். 1980 வரை உலகம் முழுக்க வாலிபர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. ஆக, கள்ளக்குறிச்சிக் கொட்டகையில் நிற்பவர் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் ஒன்றுவிட்ட அண்ணன்.

"ஓட்டிப் பாக்கலாமா?" என்றேன் ஆசையாக.

பெரியப்பா டிரைவர் சீட்டின் கீழே கிடந்த ரப்பர் மேட்டைத் தூக்கினார். கீழே கொட்டகைத் தரை தெரிந்தது. அதில் ஒரு கோழி நின்று எங்களை அண்ணாந்து பார்த்தது.

மேட்டுக்கு அடியில்

கார் தரை எப்படி உளுத்துப் போகிறது? எல்லோரும் மழை கீழேயிருந்து அடிக்கிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் தண்ணீர் மேலேயிருந்துதான் வருகிறது. முன் கண்ணாடியின் ரப்பர் காய்ந்து வெடித்து, அதன் வழியே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. மேட்டுக்கு அடியில் ஒரு கம்பளிப் பட்டை இருக்கும். அது தண்ணீரை உறிஞ்சி, பச்சைக் குழந்தைக்கு ஈரத்துணி சுற்றின மாதிரி வருஷக்கணக்கில் தகட்டை நனைத்தபடியே வைத்திருக்கும். மேலே பளபள ரப்பர் மேட். கீழே மெல்ல மெல்லச் சாவு.

சேலம் ரோட்டோரம் லாரி பாடி வேலை செய்கிற டிங்கர் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். மேஸ்திரி மூட்டையைப் பிரித்தார். புதுப்பேட்டைத் தகட்டைத் தட்டிப் பார்த்தார். மேல் பக்கம் கருப்பாகத் தார் பூசி, கம்பீரமாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் தாரைச் சுரண்டினார். இரண்டு இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் அந்தப் பக்கம் போய்விட்டது.

"ஒரிஜினல்தாங்க" என்றார் மேஸ்திரி நிதானமாக. "துருவும் ஒரிஜினல்."

நண்பர் முகம் தொங்கிவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமை!

துருவை மட்டும் எடுக்க வழியில்லையா? உண்டு. வெளிநாட்டில் பழைய கார்ப் பைத்தியங்கள் சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீரில் கரைத்து, தகட்டை வாரக்கணக்கில் ஊறப் போடுகிறார்கள். நல்ல இரும்பை விட்டுவிட்டுத் துருவை மட்டும் கரைத்து எடுக்கும். கள்ளக்குறிச்சி வட்டாரம் கரும்புச் சீமை. கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவு ஆலைகள். நான் உற்சாகமாகச் சொன்னேன்.

பெரியப்பா சிரித்தார். "தம்பி, இந்த ஊர்ல பீப்பா நெறைய மொலாசஸ் ஊற வெச்சா, துரு போறதுக்கு முன்னால போலீஸ் வந்துடும்."

நியாயம்தான். மொலாசஸ் கட்டுப்பாட்டில் உள்ள சரக்கு, லைசென்ஸ் வேண்டும். அதோடு, துரு போனாலும் ஓட்டை ஓட்டைதான். ஓட்டையைக் கரைக்கிற திரவத்தை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மூன்று வழி

மேஸ்திரி பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வழிகளை விளக்கினார்.

ஒன்று: புதுப்பேட்டைத் தகட்டில் நல்ல பகுதிகளை வெட்டி ஒட்டுப் போடுவது. ஒரிஜினல் ஒரிஜினலாகவே இருக்கும். ஆனால் டிரைவர் சீட்டின் போல்ட் இந்தத் தகட்டில்தான் இறங்குகிறது. உளுத்த தகட்டில் ஒட்டுப் போட்டு அதன் மேல் மனுஷனை உட்கார வைப்பது, கிழிந்த வேட்டியில் கல்யாண விருந்துக்குப் போவது மாதிரி. எப்போது மானம் போகும் என்று தெரியாது.

இரண்டு: 20 கேஜ் தகட்டில் புதுசாகத் தட்டி எடுப்பது. கனம் 0.9 மில்லிமீட்டர். "18 கேஜே போடலாமே, கெட்டியா இருக்குமே?" என்று நண்பர் கேட்டார். "கனத்துல பலம் இல்லீங்க, மடிப்புல இருக்கு" என்றார் மேஸ்திரி. பழைய தரையில் நீளநீளமாக வரி எழுப்பியிருந்தார்கள். அழகுக்கு இல்லை. வெறும் சமத் தகடு காலை வைத்தால் ‘டப் டப்’ என்று டப்பா மாதிரி அமுங்கி எழும்பும். ஒரு காகிதத்தை விசிறி மடிப்பாக மடித்துப் பாருங்கள், புரியும்.

மூன்றாவது வழியை மேஸ்திரி குரலைத் தாழ்த்திச் சொன்னார். "புதுத் தரையே போட்டு, பழைய தகட்டுத் துண்டை மேல ஒட்டி, தாரைக் காய்ச்சி ஊத்தி, கொஞ்சம் மண்ணைத் தூவிட்டோம்னா... கம்பெனிக்காரனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

யாருக்காக இந்தத் தந்திரம்? கோயம்புத்தூரில் ஒரு பார்ட்டி ஹெரால்டை விலைக்குக் கேட்டிருந்தார். பெரியப்பாவுக்கு முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை. பேத்தி கல்யாணம் வேறு வருகிறது. பார்ட்டி போனில் கேட்ட முதல் கேள்வியே, "அண்டர்பாடி ஒரிஜினலா?"

அவர் கேட்டதிலும் விஷயம் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் ஒரு திருத்தம் வந்தது. 50 வயது தாண்டிய வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்து, நடுவில் ‘விஏ’ என்று எழுத்துப் போட்ட நம்பர் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றை உருமாற்றியிருக்கக் கூடாது. வாங்கிய பிறகும் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினம் காய்கறி வாங்கப் போக முடியாது.

துருப்பிடித்த தரைக்குப் பதில் அதே அளவில் அதே மாதிரி தரை போடுவது ரிப்பேரா, உருமாற்றமா? எங்களுக்கு காமர்ஸ் வகுப்பில் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தார்கள்: இருப்பதை இருந்தபடி காப்பாற்றச் செய்யும் செலவு வருவாய்ச் செலவு, இல்லாததைச் சேர்த்தால் மூலதனச் செலவு. அந்தக் கணக்கில் தரை மாற்றுவது சுத்தமான ரிப்பேர். ஆனால் ரிப்பேரை ரிப்பேர் என்று எழுதாமல் மறைத்தால் அதற்கு கணக்குப் புத்தகத்தில் வேறு பெயர்.

உலகப் பழங்கார் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவா 2012-ல் டுரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. அதன் சாரமும் ஏறக்குறைய இதுதான். முடிந்தவரை பழசைக் காப்பாற்று. முடியாவிட்டால் மாற்று. மாற்றியதை அடையாளம் தெரியும்படி வை.

பெரியப்பா சாசனம் எதுவும் படிக்கவில்லை. மேஸ்திரியிடம் ஒரே வரி சொன்னார்: "ரெண்டாவது வழியே போடுப்பா. அடியில வருஷத்தைக் கொத்திடு."

பிறகு போனை எடுத்துக் கோயம்புத்தூருக்குப் பேசினார். "தரை புதுசு சார். கள்ளக்குறிச்சியில அடிச்சது. பழைய தகட்டையும் தர்றேன், பாத்துக்குங்க." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு விலையில் ஐம்பதாயிரம் குறைந்தது.

நண்பர் பதறிவிட்டார். "பெரியப்பா! சொல்லாமலே இருந்திருக்கலாமே..."

"அம்பதாயிரம் தரைக்குக் கொறைச்சான்டா. சொல்லாம இருந்திருந்தா எனக்குக் கொறைஞ்சிருக்கும்."

தாமரை போட்ட கியர்பாக்ஸ்

மேஸ்திரி முதலில் கதவு இடைவெளிக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பு வைத்துக் கட்டினார். வெட்டும்போது உடல் நெளிந்துவிட்டால் பிறகு கதவு சாத்தாது. ஹெரால்டுக்காவது அடியில் சேஸிஸின் பக்கக் கைகள் தாங்கும். ஸ்பிட்ஃபையரில் அவையும் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சட்டம்தான் பாதி பாரத்தைத் தாங்குகிறது. அதை அவசரப்பட்டு அறுத்தால் கார் நடுவில் தொய்ந்து கயிற்றுக் கட்டிலாகிவிடும்.

தரையைக் கழற்றும்போதுதான் அந்த அதிசயம் வெளியே வந்தது. இரண்டு சீட்டுக்கும் நடுவில், கியர்பாக்ஸை மூடுகிற மூடி. ஸ்பிட்ஃபையரில் இதை அமுக்கிய அட்டையில் செய்திருந்தார்கள். நனைந்தால் அப்பளம். வெளிநாட்டில் இப்போது பிளாஸ்டிக்கிலும் ஃபைபரிலும் கிடைக்கிறது. சூடும் சத்தமும் குறைவு என்று ஒரிஜினல் வெறியர்களே அதைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். பெரியப்பா காரில் இருந்ததோ மரம்! வாகை மரம். பக்கவாட்டில் கச்சிதமாக ஒரு தாமரை.

"1983-ல கம்பெனி மூடி ஒடைஞ்சு போச்சு. ஸ்பேர் கெடைக்கல. நம்ம ஊர் ஆசாரிகிட்ட குடுத்தேன். பூவு நான் கேக்கல, அவரா போட்டது."

கள்ளக்குறிச்சிக்கு மரச்சிற்பம்தான் சொத்து. 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய கலை. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்துப் பட்டறைகளில் சாமி சிலைகள், கதவுகள், வாகனங்கள் என்று உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சாயங்காலம் ஒரு பட்டறைக்குப் போனோம். ஒரு கோயில் குதிரை வாகனம் ரிப்பேருக்கு வந்திருந்தது. முன்னங்கால் இரண்டும் புதுசு, வெளுப்பாகத் தெரிந்தது. "பாலிஷ் போட்டு ஒண்ணாக்கிட மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"வர்ணம் பூசுவோம். ஆனா எந்தக் கால் எப்ப மாத்தினதுன்னு உள்பக்கம் எழுதி வெச்சிடுவோங்க. அடுத்து வேலை பாக்கறவனுக்குத் தெரியணும்ல."

கோயம்புத்தூர்க்காரர் அந்த மர மூடியையும் கழற்றி எறியச் சொன்னார். அதற்கு மட்டும் பெரியப்பா சம்மதிக்கவில்லை. கம்பெனி மூடி பதினேழு வருஷம் இருந்தது. ஆசாரி மூடி நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறது. யார் இங்கே டூப்ளிகேட்?

மேலே, மேலே

இரண்டு நாளில் தரை தயார். ஸ்பாட் வெல்டிங் இருந்த இடங்களில் துளையிட்டு வெல்டு வைத்து, இணைப்புகளில் பூச்சு அடைத்து, ரெட் ஆக்ஸைடு அடித்து, தண்ணீர் வடிய ஓட்டையும் அதற்கு ரப்பர் மூடியும் வைத்திருந்தார் மேஸ்திரி. அடியில் ‘2025’ என்று கொத்தியிருந்தது. கோழிக்கு இனிமேல் உள்ளே பார்வை கிடையாது.

மூன்றாம் நாள் விடியலில் கிளம்பினோம். நண்பர் ஸ்டியரிங்கில். கச்சிராயபாளையம் தாண்டினால் கோமுகி அணை. காலை வெயிலில் தண்ணீர் தகடு விரித்த மாதிரி. (தரை ஞாபகம் விடமாட்டேன் என்கிறது.) அடிவாரத்தில் போலீஸ்காரர் நிறுத்தினார். "வண்டியில வெல்லம் இருக்கா?"

சிரிக்கிற கேள்வி இல்லை. இந்த மலையில் வெல்லம் என்றால் சாராய ஊறல் ஞாபகம் வருகிற நிலைமை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மூடி போட்டு மறைத்த சரக்கு என்ன செய்யும் என்பதை இந்த ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

பிறகு கொண்டை ஊசி வளைவுகள். இங்கேதான் ஹெரால்டு தன் வித்தையைக் காட்டியது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் கார் இது, லண்டன் டாக்ஸி மாதிரி. எதிரே பஸ்காரர் முன்னும் பின்னும் எடுத்துக்கொண்டிருக்க, நாங்கள் கல்லு மேல் ஏறும் ஓணான் மாதிரி ஒரே திருப்பில் போய்விட்டோம். "வளைவுல ஆக்ஸிலேட்டரைப் பட்டுனு விடாதே, பின்சக்கரம் உள்ள மடங்கும்" என்று பெரியப்பா பின் சீட்டிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். அவர் கால் மட்டும் அங்கே இல்லாத கிளட்சை மிதித்துக்கொண்டிருந்தது.

கல்வராயன் கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு துண்டு. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு. ஜாகீர்தார்கள் ஆண்ட மலை. 1976-ல்தான் அரசாங்கம் முழுசாகக் கையில் எடுத்தது. ஏற்காடு, கொடைக்கானல் மாதிரி குதிரைச் சவாரி, ஹோம்மேட் சாக்லேட் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். சாமை வயல், மரவள்ளி, கடுக்காய், புளி. மேகம், பெரியார் என்று அருவிகள். மழைக்குப் பிறகு போனால் தண்ணீர் உண்டு. கோடையில் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம்.

வெள்ளிமலைக்குக் கொஞ்சம் முன்னால் ரேடியேட்டர் கொதித்தது. நிறுத்தினோம். பக்கத்தில் ஒரு மலையாளிக் குடும்பத்தின் வீடு. (கேரளா இல்லை, மலையில் ஆள்கிறவர்கள் மலையாளிகள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை.) புல் வேய்ந்த கூரை, சாணம் மெழுகிய திண்ணை. ஒரு பெரியவர் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

"அழகான வீடுங்க. எத்தனை வருஷம் ஆச்சு?" என்றேன்.

"எங்க தாத்தா கட்டுனது."

"கூரை புதுசா இருக்கே?"

"கூரை போன வருசம் போட்டது. தாத்தா போட்ட கூரையா இருந்தா நான் நனைஞ்சிக்கிட்டில்ல இருப்பேன்?" என்று சிரித்தார்.

பெரியப்பாவும் சிரித்தார். காருக்குள் குனிந்து, புதுத் தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். சொட்டு ஈரம் இல்லை.

போகிறவர்களுக்கு...

சென்னையிலிருந்து போனால் உளுந்தூர்பேட்டையில் திருச்சி ரோட்டை விட்டு சேலம் ரோடு பிடியுங்கள். வழியில் தியாகதுர்கம் கோட்டைக் குன்று தெரியும். கள்ளக்குறிச்சியில் டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். கையில் ஒரு கேன் தண்ணீர், கொஞ்சம் பணம், நிறையப் பொறுமை. இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது நல்லது.

அந்த மலைக்காற்றில் பழைய கார் வாங்குகிற ஆசை உங்களுக்கும் வரும். வந்தால் பெயிண்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள், பளபள பம்பரில் முகம் பார்க்காதீர்கள். குனிந்து மேட்டைத் தூக்குங்கள். கம்பளியைத் தொட்டு ஈரமா என்று பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். புதுத் தரையா, போட்ட வருஷம் தெரிகிறதா, தைரியமாகக் காலை வையுங்கள். பட்டி பூசி, தார் ஊற்றி, ‘ஒரிஜினல் சார்’ என்கிறார்களா, சீட்டில் உட்காருவதற்கு முன்னால் பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்!